வண்டி மஞ்சள்

நிறப்பொடி அலமாரியின் சாவியை வெள்ளிக்கிழமை உங்களிடம் கொடுத்துவிட்டேன். எந்தப் பொடி மெழுகுக்கு, எது சோப்புக்கு, எவ்வளவு என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பத்து நாள் கை வைத்தால் புதிதாக வந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் தானாக வந்துவிடும். கூடத்தில் மஞ்சள் நிறத்தில் மட்டும் ஏன் சோப்பே போடுவதில்லை என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். அது பெரிய கதை என்று சொல்லி நழுவிவிட்டேன். பதினான்கு வருடமாகக் கேட்கிறவர்களிடம் எல்லாம் அப்படித்தான் நழுவியிருக்கிறேன். இப்போது சர்க்கரை என் கண்ணைப் பிடித்துவிட்டது. சிவப்புக்கும் காவிக்கும் வித்தியாசம் தெரியாதவள் நிறம் கலக்கக் கூடாது என்று நானே நின்றுகொண்டேன். போகும்போதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

நான் சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரியில் வேதியியல் படித்தேன். கல்யாணமாகி நாமக்கல் வந்தபோது, இந்த மாதர் சங்கக் கூடம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பத்துப் பெண்கள் வேலை செய்தார்கள். மெழுகுவர்த்தி சேலத்து மாதா கோயில்களுக்குப் போகும், சோப்பு சுற்றுப்பட்டுச் சந்தைகளுக்குப் போகும். படித்தவள் என்பதால் நிறம் கலக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்த பாப்பாத்தியக்கா கூட என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். பரமத்தி வேலூர்ப் பக்கத்துக்காரர். அச்சில் சோப்பு ஊற்றுவதில் அவர் கைக்கு இணையான கை இன்று வரை இங்கே வரவில்லை. அந்த "டீச்சர்" என்ற அழைப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நடந்ததற்கெல்லாம் அதுவும் ஒரு காரணம்.

பொடி நிறம் மெழுகில் கரையாது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது. நான் முதலில் செய்த சிவப்பு மெழுகுவர்த்திகள் பூசை நடுவிலேயே ஒவ்வொன்றாக அணைந்தன. பொடி திரியில் ஏறி அடைத்துக்கொண்டது. அதன் பிறகு உள்ளே வெள்ளை மெழுகு, மேலே மட்டும் நிற மெழுகில் ஒரு முக்கு என்று மாற்றினோம். அந்த மேல் பூச்சுக்கு அழுத்தமான மஞ்சள் வேண்டியிருந்தது. கடைகளில் கிடைத்தது வெளிறிப்போனது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை இருந்தது. அங்கே போய்ப் பெயிண்டரிடம் கேட்டேன். அவர் ஒரு சாக்கிலிருந்து மஞ்சள் பொடியை என் டப்பாவில் அள்ளிப் போட்டார்.

"இது என்னத்துக்குங் அம்மிணி?"

"மெழுகுவர்த்திக்கு."

"சரிங்க. வண்டிக்கு அடிக்கற மஞ்சளுங்க, வெயில் மழைக்கு அசையாது. ஆனா ஒண்ணு, கையக் கழுவாம சோறு திங்காதீங்க. எங்காளுங்களுக்கு இதுல வயித்துவலி வரும். வந்தா வெல்லந் திம்போம்."

நான் சிரித்தேன். அவருடைய சிவந்த கண்களைப் பார்த்து, வயிற்றுவலிக்கு வேறு காரணம் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். அந்தப் பொடியின் பெயர் என்ன என்று கேட்கவில்லை. சாக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. நீங்கள் என்னிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொடியோடு வாழ்ந்த ஒருவர் அதைப் பற்றிச் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை, நான் படித்தவள் என்பதற்காகத் தூக்கி எறிந்தேன்.

மெழுகுக்குப் போக அரை டப்பா மீந்தது. ஒரு பாவமும் செய்யாமல் அது அலமாரியில் கிடந்தது.

அந்த ஆடி மாதம் சந்தைகளிலிருந்து ஒரே பேச்சு வந்தது. மஞ்சள் பூசிக் குளிக்கும் பெண்கள் மஞ்சள் நிறச் சோப்பு கேட்கிறார்கள் என்று. நல்ல விரலி மஞ்சளை இடித்துச் சலித்துச் சோப்பில் போட்டேன். காஸ்டிக் சோடா பட்டதும் அது துருப்பிடித்த சிவப்பாகிவிட்டது. மறுநாள் அச்சைப் பிரித்தபோது பாப்பாத்தியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங் டீச்சர், மஞ்ச சோப்பு கேட்டாங்கன்னு செங்கல் அறுத்து வெச்சிருக்கறீங்க? ஊடு கட்டறவங்களுக்கு வித்தரலாமுங்களா?"

கூடமே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்று மதியமே அலமாரியைத் திறந்து அந்த அரை டப்பாவை எடுத்தேன்.

எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருந்த பொடி, சோப்பில் விழுந்ததும் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து, அப்போதுதான் தோண்டிய பசுமஞ்சள் கிழங்கின் நிறத்துக்கு வந்து நின்றது. பாப்பாத்தியக்கா ஒரு கட்டியை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "இது சோப்புங் டீச்சர்" என்றார். அந்தப் பாராட்டுக்காக நான் மூன்று முறை பட்டறைக்குப் போய்ப் பொடி வாங்கி வந்தேன்.

பொடியை வேட்டித் துணியில் சலிப்பேன். புகை மாதிரி எழுந்து எல்லார் மேலும் படியும். நீலப் பொடி பட்டால் நாங்கள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவோம். பச்சை பட்டால் சேலையை உடனே நனைத்துப் போடுவோம். மஞ்சள் பட்ட கையை நம் ஊரில் எவள் கழுவுவாள்? கன்னத்தில் பட்டால் தடவிக்கொண்டோம். புதிதாகக் கல்யாணமான ஒருத்தி தாலிக்கயிற்றில் அதைத் தொட்டுத் தடவினாள். "மங்களகரமா இருக்குதுங்" என்றாள். அது மஞ்சள் கிழங்கு இல்லை, லாரிக்கு அடிக்கும் பொடி என்று எங்கள் பத்துப் பேருக்கும் தெரியும். தெரிந்தும் கை அதை மஞ்சளாகவே நினைத்தது. வேறு நாட்டுப் பெண்ணாக இருந்தால் கழுவியிருப்பாள்.

என் மகள் ரீத்தாவுக்கு அப்போது இரண்டு வயது. என் கணவருக்கு லாரி கம்பெனியில் மேற்பார்வை வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் வேறு ஆள் இல்லை. கூடத்து உத்தரத்திலேயே ஒரு சேலையில் தூளி கட்டியிருந்தேன். என் முந்தானை நுனியை வாயில் வைத்துச் சப்பினால்தான் அவள் தூங்குவாள். முந்தானையை உருவினால் விழித்துக்கொள்வாள். அதனால் மதிய வேளைகளில் நான் தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வாயில் முந்தானையைக் கொடுத்தபடியே பொடி சலித்தேன்.

ஐப்பசியில் அவள் சாப்பிட மறுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு அழுவாள். நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போவாள். முகம் வெளுத்தது. ஓடி விளையாடியவள் சுவரோரம் உட்கார ஆரம்பித்தாள். பக்கத்து டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். பாப்பாத்தியக்கா, "குடலேத்தமாட்ட இருக்குதுங், எண்ணெய் போட்டு நீவற ஒருத்தி மல்லசமுத்திரத்துல இருக்கறா" என்று, குடல் மேலே ஏறிவிட்டதாக நம்பி அவரே தூக்கிக்கொண்டு போய் நீவவைத்துக் கூட்டிவந்தார். இரண்டும் பலிக்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் பாப்பாத்தியக்கா தன் வீட்டில் பாதி தேய்ந்த மஞ்சள் சோப்பு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"பாருங் டீச்சர் உங்க சோப்ப. எம்பையனுக்குச் சொரின்னு ஆஸ்பத்திரியில கந்தகக் களிம்பு குடுத்தாங்க. களிம்புக் கையோட சோப்ப எடுத்தான், எடுத்த பக்கமெல்லாம் கருத்துப் போச்சு. எம்பையன் கைதான் அழுக்குன்னா அத்தன அழுக்கா?"

சோப்பின் மேல் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

கல்லூரிச் சோதனைக்கூடத்தில் எங்களுக்கு ஒரு வெள்ளை உப்பைக் கொடுத்து அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கந்தக வாயுவை அதில் விடுவோம். கூமுட்டை நாற்றம் அடிக்கும். சோதனைக் குழாயில் கறுப்பாகப் படிந்தால் நோட்டில் எழுத வேண்டிய முதல் பெயர் காரீயம். நான் அதை எத்தனையோ முறை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். பாப்பாத்தியக்கா இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய்க் கந்தகத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அந்த நீரில் இரண்டு சொட்டை டப்பாவிலிருந்த பொடியின் மேல் விட்டேன். விட்ட இடம் கறுத்தது. இன்னொரு சொட்டை, துவைத்து மடித்து வைத்திருந்த என் சேலை முந்தானையின் நுனியில் விட்டேன். அதுவும் கறுத்தது.

அங்கிருந்து நேராகச் சங்கத் தலைவியம்மா வீட்டுக்குப் போனேன். நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் தோட்டமும் துரவுமாக இருந்த குடும்பம். கூடத்தைத் தன் பிடிவாதத்தால் தொடங்கி நடத்தியவர். விஷயத்தைச் சொன்னேன்.

"ஈயமா? ஈயச் சொம்புலதான அம்மிணி நம்மூட்டுல ரசம் வெக்கறோம்?"

"அது வெள்ளீயங்க. இது காரீயம். உடம்புக்குள்ள போனா விஷம்."

அவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு தாழ்ந்த குரலில் பேசினார்.

"பொங்கலுக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருக்குது. இப்ப வெளிய சொன்னா கூடத்துக் கதவச் சாத்திருவாங்க. அந்தப் பொம்பளைங்களுக்குப் புருசன் ஊட்டுல என்ன மரியாதைன்னு உனக்கே தெரியும். இங்க வந்துதான் நிமிந்து உக்காருறாங்க. இனிமே அந்தப் பொடி வேண்டாம், பூட்டி வெச்சிரு. போனது போகட்டும். பாப்பாவ எங்காருலயே சேலத்துக்குக் கூட்டிட்டுப் போலாம். பெரிய டாக்டரு, எங்களுக்குப் பழக்கம். நானே வாரேன், சாமி."

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அவர் கண் கலங்கியிருந்தது. நானும் மறுத்துப் பேசவில்லை. பொடியைப் பூட்டினால் போதும், இனி உள்ளே போகாது, போனது மெல்ல வெளியேறிவிடும் என்று எனக்கு நானே ஒரு வேதியியல் பாடம் நடத்திக்கொண்டேன். பயந்தவளுக்குப் படிப்பு இப்படியும் உதவும்.

சேலத்து டாக்டர் நிதானமானவர். ரீத்தாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். ஈறுகளை விளக்கடித்துப் பார்த்தார். வயிற்றை அழுத்தினார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்ல பெயிண்ட் வேலை ஏதாவது நடக்குதா? குழந்தை சுவரைச் சுரண்டித் தின்னுதா? உங்க வேலையில ஏதாவது பொடி, சாயம்?"

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற மாதிரிதான் அந்தக் கேள்வி. நான் நுழைந்தால் போதும். தலைவியம்மா பக்கத்து நாற்காலியில் ரீத்தாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் தடுக்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய காரில் வந்தேனோ, யார் மடியில் என் குழந்தை இருந்ததோ, அவரை அங்கே வைத்துக்கொண்டு எனக்கு வாய் வரவில்லை. அதைவிடவும் ஒன்று உண்டு. வேதியியல் படித்த நானே என் குழந்தைக்கு விஷம் ஊட்டினேன் என்று ஒரு டாக்டரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"இல்லைங்க டாக்டர்" என்றேன்.

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். திரும்பும் வழியில் தலைவியம்மா காரை நிறுத்தி ரீத்தாவுக்குக் கமலா ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தார்.

சேலையை எரித்துவிட்டேன். பொடியைப் பூட்டிவிட்டேன். தூளித் துணியை மட்டும் மறந்துபோனேன். நான்கு மாதமாக என் சலிப்புப் புழுதி படிந்த துணி அது. முந்தானை கிடைக்காமல் போன பிறகு அவள் அதன் ஓரத்தைத்தான் சப்பியிருக்கிறாள்.

சேலம் போய்வந்த பன்னிரண்டாம் நாள் காலை. அடுப்பில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. பாப்பாத்தியக்கா, "டீச்சர், தூளி ஆடுது பாருங்க, ஆட்டறதுக்கு ஆளில்லாம" என்றார். போய் விலக்கிப் பார்த்தேன். ரீத்தாவுக்கு வலிப்பு வந்திருந்தது.

அந்தக் காரேதான் எங்களைச் சேலத்துக்குக் கொண்டுபோனது. வழி முழுக்கத் தலைவியம்மா, "சொல்லீரு அம்மிணி, எல்லாத்தையும் சொல்லீரு, எம்பேரையும் சொல்லீரு" என்று அழுதுகொண்டே வந்தார். சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்கும். "அன்னிக்கே கேட்டேனேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கான ஊசி மருந்து சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்து சேர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவளுக்கு என்னை யாரென்று தெரியவில்லை.

தலைவியம்மா சந்தை சந்தையாகப் போய் விற்காமல் கிடந்த மஞ்சள் சோப்பைத் திருப்பி வாங்கினார். கூடவே போன பாப்பாத்தியக்கா, வாங்கிப் போனவர்களும் கொண்டுவந்து போடும்படி சந்தை நடுவில் நின்று கத்தினாராம். சிலர் கொண்டுவந்தார்கள். நிறையப் பேர், சோப்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் வீடுகளில் எந்தக் குழந்தை எதைச் சப்பியது என்று எனக்குத் தெரியாது. இப்போதும் சந்தையில் மந்தமாக ஒரு பையன் நின்றால், அவன் வயது என்ன இருக்கும் என்று கணக்குப் போடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த பாப்பாத்தியக்கா கட்டிலருகே வந்து ரீத்தாவின் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் ரெண்டு மாசமா வயித்துவலிதானுங் டீச்சர். எனக்குப் படிப்பில்ல, அதனால தெரீல. உங்களுக்குத் தெரிஞ்ச அன்னிக்கே ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா, அந்தத் தூளியவாச்சும் நான் அவுத்துத் தொவச்சிருப்பனே."

மறுநாள் முதல் அவர் என்னை டீச்சர் என்று கூப்பிடவில்லை. கூடத்தில் வேறு யாரும் அப்படிக் கூப்பிட அவர் விடவும் இல்லை.

ரீத்தா பிழைத்தாள். அந்தப் பன்னிரண்டு நாளுக்கு முன்பே சொல்லியிருந்தால் அவள் வேறு மாதிரி வளர்ந்திருப்பாளா என்று டாக்டரிடம் பலமுறை கேட்டேன். தெரியாது என்றார். மனம் தேற்றச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. இதிலிருந்து நான் ஒரு பாடம் கற்றுத் தேறினேன் என்று எழுதினால் உங்களுக்குப் படிக்க நன்றாக இருக்கும். நான் தேறவில்லை. பதினான்கு வருடமும் இந்த வேலையை விடாமல் செய்ததற்குக் காரணம், இன்னொருத்தி பெயர் தெரியாத பொடியை அலமாரியில் வைத்துவிடுவாளோ என்ற பயம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ரீத்தாவுக்கு இப்போது பதினாறு வயது. ஆறாம் வகுப்போடு பள்ளி நின்றுபோயிற்று. பழகிய தெருவிலேயே சில நாள் வழி தெரியாமல் நின்றுவிடுவாள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பாள். திங்கட்கிழமை முதல் அவள் உங்களோடு இங்கே வேலைக்கு வருகிறாள், சோப்புக்குக் காகிதம் சுற்ற. மடிப்பு நேராக வரும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஐந்தாவது தடவையும் முதல் தடவை மாதிரி பதில் சொல்லுங்கள். அவளோடு நான் இருக்க மாட்டேன் என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அவள் வருவதற்குள் இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்று மதியம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் தொடங்குவதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, எனக்கு மட்டும் எல்லாம் மறந்து மறந்து போகுது?"

"சின்ன வயசுல உனக்குக் காய்ச்சல் வந்துச்சு கண்ணு" என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இதைப் படித்து முடிக்கும்போது, அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒன்று உங்கள் நால்வருக்கும் தெரிந்திருக்கும். திங்கட்கிழமைக்குள் நான் சொல்லிவிடுவேன் என்று உங்களிடம் வாக்குக் கொடுக்க எனக்குத் துணிவு இல்லை. அவள் உங்களிடமும் கேட்பாள். அப்போது காய்ச்சல் என்று சொல்லாதீர்கள்.